வேல்ஸ் கடற்கரையில் ஒரு வாரம், அம்மாவோடு

சனி, இரவு

காலை எட்டு மணிக்கு ரெடிங்கை விட்டுக் கிளம்புவதாகப் பேச்சு. கிளம்பும்போது மணி ஒன்பதே முக்கால். காரணம் அரிசிப் பெட்டி. நாமே சமைத்துக்கொள்ளும் வீடு என்று சொன்னதுதான் தாமதம், நாகப்பட்டினத்திலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, வீட்டில் அரைத்த குழம்புத்தூள், நல்லெண்ணெய், அஞ்சறைப் பெட்டி, ஐந்து லிட்டர் குக்கர் என்று ஒரு அட்டைப் பெட்டியை நிறைத்து, கயிறு போட்டுக் கட்டியும் வைத்துவிட்டாள். "அத்தை, அங்கேயும் கடை இருக்கு" என்றார் இவர். "இருக்கட்டும் மாப்பிள்ளை, கடையில நம்ம குழம்புத்தூள் இருக்குமா?" அதோடு பேச்சு முடிந்தது. பிள்ளைகளின் மழைக்கோட்டும் பூட்ஸும் அம்மாவின் காலடிக்குப் போயின.

எம்4 சாலையில் நேராக மேற்கே. செவர்ன் ஆற்றுப் பாலத்தில் 2018 கடைசியிலேயே சுங்கத்தை எடுத்துவிட்டார்கள், நிற்காமல் தாண்டலாம். தாண்டியதும் 'க்ரோய்சோ இ கம்ரி', வேல்ஸுக்கு நல்வரவு, என்று பலகை. நாட்டின் பெயரை அவர்கள் மொழியில் 'சி' போட்டு எழுதுகிறார்கள், பலகையில் மட்டும் ஏன் 'ஜி' என்று பெரியவள் கேட்டாள். முன்னால் 'இ' வந்தால் அந்த வல்லின க மெலிந்து ஒலிக்குமாம், எழுத்தையும் மாற்றிவிடுவார்களாம். கிட்டத்தட்ட நம் புணர்ச்சி. தமிழில் எழுதிப் பார் என்றேன். இரண்டுக்கும் ஒரே க. "அப்போ தமிழ்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே வராதா?" என்றாள். ல, ள, ழ இருக்கிறது கண்ணு, கவலைப்படாதே.

கார்மார்தன் தாண்டிய பிறகு சாலை சுருங்கிக்கொண்டே வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் ஊருக்குள் பெரும்பாலும் 20 மைல்தான் வேகம், இவருக்கு அது பெரிய வேதனை. வளைவுக்கு வளைவு தரையில் வெள்ளைப் பெயிண்டில் 'அரவ்' என்று எழுதியிருக்கிறார்கள். மெதுவாகப் போ என்று அர்த்தம். அம்மாவுக்கு அது பாம்பு. "பாம்பு மாதிரி வளையுது, பாம்புன்னே எழுதி வச்சிருக்கான், பரவாயில்ல." அப்புறம் நியூகேல். மலையிலிருந்து சாலை மளமளவென்று இறங்க, கண்ணாடி முழுக்கக் கடல். கூழாங்கல் மேடு ஒன்றுதான் சாலைக்கும் கடலுக்கும் நடுவே. புயலில் அந்தக் கல்லெல்லாம் சாலைக்கு வந்துவிடும் என்பார்கள், பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

வீடு சோல்வாவுக்கும் செயின்ட் டேவிட்ஸுக்கும் நடுவே ஒரு பண்ணைச் சந்தில். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செடி முளைத்த மண்கரை, ஒரு கார்தான் போகும். எதிரே டிராக்டர் வந்ததால் இவர் நூறு அடி ரிவர்ஸ் எடுத்தார். சாவி சுவரில் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிக்குள். தடித்த வெள்ளைச் சுவர், ஸ்லேட் கூரை, தாழ்ந்த உத்தரம் (இவர் ஏற்கனவே இரண்டு முறை முட்டிக்கொண்டார்), மேசைமேல் பால் ஒரு புட்டி, தேநீரில் ஊறவைத்த உலர்பழம் போட்ட 'பாரா ப்ரித்' ரொட்டி ஒன்று. கழிவறையில் 'செப்டிக் டேங்க், தயவுசெய்து' என்று தொடங்கும் நீண்ட கடிதம்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அம்மா குக்கரை அடுப்பில் வைக்கும்வரை. இண்டக்‌ஷன் அடுப்பு. எங்கள் குக்கர் அலுமினியம். பொத்தானை அழுத்த அழுத்த அது கீச்கீச் என்று கத்தி அணைகிறது. சனிக்கிழமை இரவு ஏழு மணி, பசி. அம்மா அலமாரியைக் குடைந்து ஒரு கனத்த ஸ்டீல் பானையை எடுத்து, சோற்றை வடித்தே போட்டாள். "வடிச்சாத்தான் சோறு. குக்கர்ல வச்சுத் தின்னு தின்னுதான் உங்களுக்கு மறந்து போச்சு." கஞ்சியையும் விடவில்லை, உப்புப் போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர்.

சமையலறை ஜன்னலில் கடல் தெரிகிறது. அப்போது ஏற்றம், பாறை விளிம்புவரை தண்ணீர். அம்மா டம்ளரோடு நின்று பார்த்து, "நம்ம ஊர் மாதிரிதான் இருக்கு, என்ன, குளிரு" என்றாள்.

ஞாயிறு

செயின்ட் டேவிட்ஸ், பிரிட்டனிலேயே சின்ன நகரம். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. பேராலயம் இருப்பதால் நகரம் என்ற பட்டம், மற்றபடி நம் கணக்கில் ஒரு பஸ் நிறுத்தம். இவ்வளவு பெரிய கோயில் எங்கே என்று தேடினால் தெருவிலிருந்து 39 படி கீழே, பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. கடலில் வரும் கொள்ளைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று அங்கே கட்டினார்களாம். வைக்கிங்குகள் அப்படியும் திரும்பத் திரும்ப வந்து அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே தரை மேற்கிலிருந்து கிழக்கே ஏறுகிறது, தூண்கள் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கின்றன, சின்னவன் தன் பந்தைத் தரையில் வைத்து உருளவிட்டுச் சோதித்தான், பிடுங்கிக்கொண்டேன். இங்கே இரண்டு முறை வந்தால் ரோமுக்கு ஒரு முறை போன புண்ணியம் என்று 12-ஆம் நூற்றாண்டில் ஒரு போப்பே சொல்லியிருக்கிறார். "அப்ப இன்னொரு தரம் வரணும்" என்றாள் அம்மா. வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர்க்காரி, மெழுகுவத்தி ஏற்றுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கிருந்து செயின்ட் நான்ஸ். ஊருக்குப் பெயர் தந்த டேவிட் என்ற துறவியின் அம்மா பெயர் 'நான்' (Non). கடலுக்கு மேலே பாறை முகட்டில், புயலுக்கு நடுவே அவரைப் பெற்றாள் என்று கதை. அந்த இடத்தில் ஒரு ஊற்று, கண்நோய்க்கு நல்லது என்று நம்பிக்கை. போன வருஷம்தான் அம்மா கண்புரை அறுவை செய்துகொண்டாள். இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, தண்ணீர் புட்டியிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். அதைக் கண்ணில் விடாதே என்று நானும் சொல்லி வைத்தேன்.

மத்தியானம் ஒயிட்சாண்ட்ஸ் கடற்கரை. கார் நிறுத்தும் இடத்திலிருந்து இறங்கினோம். கடலைக் காணோம். ஈர மணல், ஈர மணல், அதற்கப்பால் இன்னும் ஈர மணல், எங்கோ தூரத்தில் வெள்ளைக் கோடு. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள், இவர் பின்னாலேயே. நான் நாலு எட்டு வைத்துத் திரும்பினால் அம்மா படியிலேயே நிற்கிறாள்.

"உள்வாங்கியிருக்கு" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று நான் சென்னையில் இருந்தேன். அம்மா நாகையில், வெளிப்பாளையம் வீட்டில். அவள் அலையைப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்த அக்கா பார்த்தாள், ஒரு அலை வந்து போன பின் கடல் வற்றிக் கிடந்ததை அவள் அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து நம் ஊரில் 'கடல் உள்வாங்கியது' என்று செய்தி வந்தாலே அம்மா டிவியை அணைத்துவிடுவாள். "பிள்ளைங்கள கூப்பிடு. மாப்பிள்ளைய கூப்பிடு."

கூப்பிடவில்லை. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன்: இது தினமும் நடப்பது, ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம், இந்தக் கரையில் பௌர்ணமி அமாவாசையை ஒட்டித் தண்ணீர் பல மீட்டர் ஏறி இறங்கும், நம் நாகையில் ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால்தான் நமக்குத் தெரிவதில்லை. அம்மா கேட்டுக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கண்ணாலேயே கட்டிவைத்திருந்தாள். தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்து, அது ஓடி வராமல் சும்மா ஊர்ந்துதான் வருகிறது என்று பார்த்த பிறகுதான் பையிலிருந்த முறுக்கை எடுத்தாள்.

திங்கள்

மழை. காலையிலிருந்து இரவுவரை மழை, எழுத இவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததா, காய்ந்த மிளகாய் தாளித்ததும் புகை அலாரம் வீடே அதிர அலறியது. பெரியவள் நாற்காலிமேல் ஏறிப் பாத்திரம் துடைக்கும் துணியால் அதற்கு விசிற, இவர் கதவைத் திறக்க ஓடி மூன்றாம் முறையாக உத்தரத்தில் முட்டிக்கொண்டார். இனிமேல் தாளிப்பு என்றால் பின்கதவைத் திறந்துவைத்துத்தான்.

இந்த மாதிரி வீடுகளில் விளையாட்டுச் சாமான் அடுக்கு ஒன்று கட்டாயம் இருக்கும், அதில் எந்தப் பெட்டியிலும் ஒரு காயாவது கட்டாயம் இருக்காது. பாம்பு ஏணிப் பெட்டியில் மூன்று காய்தான். நாலாவதாக, எப்படியும் வேலையில்லாமல் கிடந்த குக்கரின் வெயிட்டைக் கொண்டுவந்து வைத்தான் சின்னவன். ஜெயித்ததும் அதுதான், 'உஸ்ஸ்' என்று விசில் சத்தத்தோடு.

அம்மா விளையாட வரவில்லை. குளிர்பதனப் பெட்டிக்கு மேலே தொங்கிய ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், பார்க்கும் சின்னப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டாள். இங்கே கடை கடையாக விற்கும் புத்தகம்தான்: தேதி, நேரம், எத்தனை மீட்டர். சில புத்தகங்களில் கோடைக்கால நேரத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும், இது கூட்டியே போட்டது. வாழ்நாளெல்லாம் பஞ்சாங்கம் பார்த்தவளுக்குக் கால் மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் தள்ளிப் போகிறது, வாரக் கடைசியை நோக்கி ஏற்றமும் குறைகிறது, இறக்கமும் குறைகிறது. "ஞாயித்துக்கிழமை ஆறு மீட்டருக்குப் பக்கம் இழுத்திருக்கு. வெள்ளிக்கிழமை மூணுதான்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை போவோம்."

ராத்திரி பிள்ளைகளுக்குக் கதை. இதே கரையில் வடக்கே, கார்டிகன் வளைகுடாவில், 'கான்ட்ரர் குவைலொட்' என்று ஒரு நாடு இருந்ததாம். கடலைத் தடுக்கக் கரை, கரையில் மதகு. காவல்காரன் குடித்துவிட்டுத் தூங்க, மதகு திறந்தே கிடக்க, ஒரே இரவில் நாடு முழுகிற்று. அம்மா உடனே பூம்புகாருக்குப் போய்விட்டாள். அங்கே ராஜா இந்திர விழாவை மறந்ததற்குக் கடல் கொண்டது, இங்கே ஒரு குடிகாரன். "எங்க போனாலும் யாரோ ஒருத்தன் பண்ணின தப்புக்கு ஊரே போவுது." இறக்கத்தின்போது ஒயிட்சாண்ட்ஸில் சில சமயம் பல்லாயிரம் வருஷத்து மர வேர்கள் மணலுக்கு வெளியே தெரியும் என்பது மட்டும் கதையில்லை, கடல் மட்டம் உயர்ந்து காடு உள்ளே போனது நிஜம்.

செவ்வாய்

சோல்வா. மலைக்கு நடுவே இருந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டான துறைமுகம். நாங்கள் போனபோது தரை தட்டிக் கிடந்தது. படகெல்லாம் ஒருக்களித்துப் படுத்திருக்க, பிள்ளைகள் துறைமுகத்தின் அடியில் நடந்தார்கள். அம்மா சரிவுப் பாதையின் பாதிவரை வந்தாள். ஓரமாகப் பழைய சுண்ணாம்புக் காளவாய்கள். சுண்ணாம்புக் கல்லும் கரியும் கப்பலில் வந்திறங்கி, சுட்டு, வயலுக்குப் போகுமாம்.

ஆனால் இன்றைய நாள் நண்டு நாள். இங்கே நண்டை வேகவைத்து, சதையைக் கிள்ளி ஓட்டிலேயே திரும்ப அடைத்துத் தருவார்கள், சாண்ட்விச்சுக்கு நல்லது. அம்மாவுக்கு அது செத்த நண்டு. நேற்றே ஒரு மீன்காரரிடம் சொல்லிவைத்து, உயிரோடு இரண்டு வாங்கினோம். செங்கல் நிறம், ஓட்டின் விளிம்பு அதிரசம் சுட்டதுபோல் வளைவு வளைவாக, கொடுக்கின் நுனி கறுப்பு. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் மயங்கவைத்து, வயிற்று ஓட்டைப் பிளந்து, இரண்டு பக்கமும் சாம்பல் நிறப் பஞ்சாக இருக்கும் செவுளைப் பிய்த்துப் போட்டாள். கொடுக்குதான் உடையவில்லை. நம் ஊர் நண்டுக்குக் கரண்டிக் காம்பு போதும், இதற்கு இவர் தோட்டத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து, பின்வாசல் படியில் வைத்து நாலு போடு போட்டார். சின்ன வெங்காயம் இல்லை, பெரிய வெங்காயம்தான். மிளகும் சோம்பும் வெறும் சட்டியில் வறுத்து, மிக்ஸி இல்லாததால் துணியில் சுற்றிப் பூரிக்கட்டைக்குப் பதில் ஒயின் புட்டியால் உருட்டினாள். புளி குறைவு, தேங்காய்க்கு டின்னில் வந்த பால். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையை வழித்துக் குழம்பிலேயே கரைத்துவிட்டாள், அதில்தான் ருசியே. பின்கதவு திறந்தபடி. அடுத்த வயலின் மாடுகள் வேலியோரம் வந்து நின்றன.

ருசி? நம் நீலக்கால் நண்டின் தித்திப்பு இதற்கு இல்லை. சதை மட்டும் மூன்று மடங்கு. நாலு பேர் பேசாமல் சாப்பிட்டோம், பெரியவள் பாஸ்தா.

புதன்

ஸ்கோமர் தீவு. படகு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னால் எடுத்தோம். ஒரு நாளைக்கு 250 பேருக்குத்தான் அனுமதி, அதுவும் வடகாற்று அடித்தால் படகு இல்லை, ஏனென்றால் மார்ட்டின்ஸ் ஹேவன் துறை வடக்கே பார்த்தது. காலையில் காற்று தெற்கு. ஏறும் முன் பையில் எலி எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வேடிக்கையில்லை, ஒரு சினை எலி போதும், வளைக்குள் முட்டையிடும் பறவைகள் கதி முடிந்தது.

இறங்கியதும் 87 படி. அம்மா எண்ணிக்கொண்டே ஏறினாள், நாற்பதில் ஒரு முறை, எழுபதில் ஒரு முறை நின்று.

பஃபின் என்ற கடற்பறவையைப் படத்தில் பார்த்து ஏதோ வாத்து அளவு என்று நினைத்திருந்தேன். புறாவைவிடக் குள்ளம்! கறுப்புக் கோட்டு, வெள்ளை வயிறு, கிளிஞ்சல் ஒட்டினதுபோல் சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக மூக்கு, ஆரஞ்சுக் கால். 'விக்' என்ற இடத்தில் அவற்றின் வளைகள் பாதைக்கு மேல்பக்கம், கடல் கீழ்ப்பக்கம். ஆகையால் அவை பாதையைக் குறுக்கே கடக்க வேண்டும், நாம் நின்று வழிவிட வேண்டும். ஒன்று பறந்து வந்து தொப்பென்று இறங்கி, வாயில் வெள்ளியாக மீனைக் குறுக்கே கவ்விக்கொண்டு, சின்னவனின் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி நின்று இடமும் வலமும் பார்த்தது. அவன் மூச்சையே பிடித்துக்கொண்டான். அது ஓடி, தன் வளையைத் தவறவிட்டு, பக்கத்து வளைக்காரனிடம் கொத்து வாங்கி, அடுத்ததில் நுழைந்தது. "நம்ம பெரியப்பா மாதிரி" என்றாள் அம்மா. எந்தப் பெரியப்பா என்று நான் எழுதப் போவதில்லை.

இப்போது கணக்கெடுப்பில் 40,000 பஃபினுக்கு மேல் இந்தத் தீவில். ஜூலைக் கடைசியில் எல்லாம் கடலுக்குப் போய்விடும். ஆனால் உண்மையான சொந்தக்காரர்கள் கண்ணில் படாதவர்கள்: மாங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள், சுமார் 3,50,000 ஜோடி. பகலில் வளைக்குள் ஒன்று, கடலில் ஒன்று. இருட்டின பிறகுதான் கரைக்கு வரும், தரையில் சரியாக நடக்கத் தெரியாததால் வெளிச்சத்தில் வந்தால் கடற்காகம் தின்றுவிடும். பாதையோரம் இறக்கையும் எலும்புமாகக் கிடந்தவை அப்படிப் போனவை. குளிர்காலத்துக்குத் தென்னமெரிக்காவரை பறந்து போய், மறுபடி அதே வளைக்கு வருமாம். தீவில் சாப்பாட்டுக் கடை இல்லை. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், ஊதாவும் சிவப்புமாகப் பூத்த மேட்டில் உட்கார்ந்து.

வியாழன்

கால் வலி, அதனால் கார் நாள். பென்ட்ரே இவான்: 5,000 வருஷத்துக்கு முந்தைய கல்லறை. 16 டன் மூடுகல் மூன்று கல்லின் கூர்முனையில் நிற்கிறது, நிற்கிறதா தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. நம் பக்கத்துக் கல்திட்டைகள் மாதிரிதான், உயரம் அதிகம். நுழைவுச்சீட்டும் இல்லை, காவலும் இல்லை, ஆடு மேய்கிறது.

பிறகு ஃபிஷ்கார்ட். 1797 பிப்ரவரியில் 1,400 பிரெஞ்சுப் படையினர் இங்கே இறங்கி, இரண்டே நாளில் சரணடைந்தார்கள். ஜெமைமா நிக்கலஸ் என்ற பெண், வைக்கோல் அள்ளும் கவைக்கோலோடு போய்ப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்தாள் என்பது ஊர்க்கதை. இதையெல்லாம் 30 மீட்டர் நீளத் துணியில் தையல் வேலையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பத்தாவது மீட்டரில் ஐஸ்க்ரீம் கேட்டார்கள்.

வெள்ளி

மாலை ஐந்தே கால் இறக்கம். நாலரைக்கே அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயார், ஓதப் புத்தகம் ஸ்வெட்டர் பைக்குள்.

அவள் கணக்கு சரி, கடல் அவ்வளவு தூரம் போகவில்லை. படியிறங்கி, காய்ந்த மணல் தாண்டி, ஈர மணலில் முதல் அடி வைக்கும்போது என் முழங்கையைப் பிடித்தாள். பிறகு விட்டாள். மணலில் அலை விட்டுப்போன வரி வரியான மேடுகள் உள்ளங்காலில் உறுத்துகின்றன என்றாள், சின்னக் குட்டையில் ஓடும் இறாலைக் காட்டினாள், ஒரு கிளிஞ்சலைப் புரட்டி உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்து வைத்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும், "அய்யோ, ஐஸு!" அவ்வளவு பெரிய குரலில் அவள் கத்தி நான் கேட்டு வருஷங்கள் ஆகின்றன. பத்து நிமிஷம் நின்றிருப்போம்.

"மணி என்ன?"

"அஞ்சு இருபது."

"திரும்பிடுச்சு. வா போவோம்."

சனி

பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். எட்டிலிருந்து துடைப்பு. எலுமிச்சம்பழத்தையும் வினிகரையும் கொதிக்கவைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து, நண்டு வாசனை போய்விட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். விருந்தினர் ஏட்டில் பிள்ளைகள் பஃபின் வரைந்தார்கள். அம்மா தமிழில் இரண்டு வரி: 'அடுப்பு சரியில்லை. மற்றபடி சௌகரியம்.'

திரும்பும்போது செவர்ன் பாலத்தில் ஆறு முழுக்கத் தண்ணீர், செம்மண் கரைத்த நிறத்தில். "இது ஏத்தம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஞாயிறு, வீட்டில்

மத்தியானம் சாம்பாருக்குக் குக்கரில் பருப்பை வைத்து மூடிவிட்டு வெயிட்டைத் தேடினால் இல்லை. அட்டைப் பெட்டி, கார், கோட்டுப் பை, எங்கும் இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. பாம்பு ஏணிப் பலகை, நூறாவது கட்டத்தில் எங்கள் வெயிட், கீழே ஒரே ஒரு கேள்வி: இது எந்த விளையாட்டின் காய்?